நங்கூரம் கேட்ட கை

குத்துவது கறுப்பு மையால். பிறகு எதற்காக அதற்குப் பச்சை குத்துதல் என்று பெயர்?

பார்த்தால் சாதாரணக் கேள்வி. இதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்து கேட்காமல் விட்டிருந்தால், என் இடது முன்கையில் நான் ஆசைப்பட்டது இருந்திருக்கும். இப்போது இருப்பது வேறு.

கேள்வி கேட்கிற வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஞானஸ்நானத்தின்போது நான் வீரிட்டு அழுததுகூட, தண்ணீர் ஏன் இவ்வளவு குளிர் என்று சுவாமியாரைக் கேட்டதுதான் என்பது அம்மாவின் முடிவு. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடலை நம்பிப் பிழைக்கும் வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. அப்பா கடலுக்குப் போவார், அண்ணன் போவான். நான் படகில் ஏறினால் வாந்தி எடுப்பேன். (படகைப் பார்த்தாலே எடுப்பேன் என்று அண்ணன் சொல்லித் திரிந்தான். அது பொய். ஏறிய பிறகுதான்.) ஊரில் எனக்குக் கரை நண்டு என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு கட்டத்தில் அப்பா என்னைக் கடலுக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கூப்பிடாமல் விட்டதுதான் உள்ளுக்குள் கிடந்து அரித்தது. வவுனியாவுக்குப் போய் ஒரு கடையில் போன் திருத்தத் தொடங்கினேன். போன்கள் அசையாமல் இருந்தன.

இரண்டொரு வருடம் கழித்து அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. எங்கள் அந்தோனியார் திருவிழாவில், சுரூபம் வைத்த கூட்டை ஆண்கள் தோளில் சுமந்து ஊரைச் சுற்றி வருவார்கள். கூட்டைத் தாங்கும் முன்தண்டு கடலுக்குப் போகிறவர்களுக்கு. அதில் ஓர் இடம் காலங்காலமாக அப்பாவுடையது. திருவிழாவுக்கு முதல் வாரம் அப்பா போன் எடுத்தார்.

"இந்தமுறை என்ரை இடத்திலை நீ பிடி. கொண்ணன் மற்றப் பக்கம் நிப்பான்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அன்றைக்கு ஒரு போனும் திருந்தவில்லை. பிறகு பயம் வந்தது. கரை நண்டு முன்தண்டு பிடிக்குது என்று ஊர் சிரிக்காதா? கடலுக்குப் போகாத கைக்குக் கடல் அடையாளம் ஒன்றாவது வேண்டாமா? நங்கூரம் ஒன்று குத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மூளை தீர்ப்புச் சொன்னது. (அந்த மூளையை நம்பித்தான் ஆட்கள் என்னிடம் போனைத் தந்தார்கள்.)

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூன். அதன் மேல்மாடியில் ரூபன் பச்சை குத்தினான். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, பெற்றோருடன் ஊருக்குத் திரும்பி வந்தவன். பேச்சு முழுக்க அந்தப் பக்கத்துப் பேச்சு. உள்ளே போனதும் ஒரு படப் புத்தகத்தைத் தந்து, "பிடிச்சதைத் திறந்து வைங்கண்ணே, கை கழுவிட்டு வர்றேன்" என்றான். நான் நங்கூரப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு ஊசியைப் பார்க்கப் போனேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ரூபன் வந்து கையுறை போட்டுக்கொண்டான். பயம் வந்தால் எனக்குக் கேள்வி கூடும்.

"ஊசி எவ்வளவு ஆழம் போகும்?"

"மேல் தோலுக்குக் கொஞ்சம் கீழ."

"வெயிலுக்குத் தோல் உரியுமல்லோ, அப்ப மை ஏன் உரியிறேல்லை?"

"அது உள்ளாற இருக்குண்ணே."

"நான் கொழுத்தா படமும் கொழுக்குமோ?"

ரூபன் என் கையைப் பலகையில் வைத்து மயிரை மழித்தான். அப்போதுதான் அந்தப் பச்சைக் கேள்வியைக் கேட்டேன். அவன் சவரக்கத்தியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, நீங்க பேசப் பேசக் கை ஆடுது. இனிமே நான்தான் கேள்வி கேப்பேன். நீங்க பதில் மட்டும் சொல்லுங்க. சரியா?"

"ஓம்."

அவன் மேசையில் திறந்திருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"ஓம்தானே?"

"ஓம்."

இந்தியப் பேச்சுப் பேசுகிறவன் வாயில் ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' வந்தது எனக்குப் பிடித்திருந்தது. வந்த இடத்துப் பேச்சைப் பழகிக்கொள்கிறான், நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

"முன்கையிலயா?"

"ஓம்."

"அதான், முன்கையில ஓம். வேலையும் சேத்துப் போட்டுரவா?"

வேலையை இரண்டு தரமாகச் செய்யாமல் இன்றைக்கே முடித்துவிடவா என்று கேட்கிறான். எவ்வளவு பொறுப்பான ஆள்.

"ஓம், ஓம்" என்றேன்.

அவன் ஒரு தாளைக் கையில் ஒட்டி உரித்துவிட்டு, "ஒரு தடவை பாத்துக்குங்க" என்றான். ஒற்றைக் கண்ணை அரைவாசி திறந்தேன். கீழே ஒரு வளைவு, மேலே நட்டுக்குத்தாக ஒரு தண்டு. நங்கூரம்தான். கண்ணை மூடிக்கொண்டேன். இயந்திரம் தொடங்கியது. தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டின் சத்தம். நோ இருந்தது. ஆனால் நோவைவிட, தோலுக்குள் மை எப்படித் தங்குகிறது என்று கேட்க முடியாமல் இருந்தது பெரிய வேதனை.

முடிந்ததும் துடைத்துவிட்டான். இரண்டு கண்ணையும் திறந்தேன். பெரியதொரு ஓவன்னா. அதன் வயிற்றுக்குள் குட்டியாக ஒரு 'ம்'. மேலே அழகான ஒரு வேல்.

"இதென்ன?" என்றேன்.

"ஓம்."

"என்னெண்டு கேக்கிறன்."

"ஓம்ணே. நீங்க கேட்டதுதானே."

"நான் எப்ப கேட்டனான்?"

"ஓம்தானேன்னேன், ஓம்னீங்க. வேலையும் போடவான்னேன், ரெண்டு தடவை ஓம்னீங்க."

மேசையைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் படப் புத்தகத்தின் பக்கங்கள் தம்பாட்டில் புரண்டுகொண்டிருந்தன. ரூபனின் முகம் வெளிறிவிட்டது. "ஆறினப்புறம் மேல வேற போட்டு மறைச்சிரலாம்ணே" என்றான். ஆறுவதற்கு முதல் திருவிழா வந்துவிடும். பிள்ளையாரோடும் முருகனோடும் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடையில் நாள்தோறும் அவர்கள் படத்துக்கு முன்னால்தான் வேலை செய்தேன். ஆனால் அந்தோனியாரைச் சுமக்கிற கையில் வேலோடு போய் நின்றால், அப்பா தந்த இடம் அன்றோடு போய்விடும்.

நீளக்கை சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். கொளுத்துகிற வெயிலில் ஏன் இந்தக் கோலம் என்று அம்மா கேட்டா. காய்ச்சல் என்றேன். உடனே கொத்தமல்லி அவித்துத் தந்தா, குடித்தேன்.

பவனி தொடங்கியது. இடது தோளில் தண்டை வைத்து, கையை உயர்த்திப் பிடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பாரம் தோளில் இறங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் மணிக்கட்டுப் பொத்தான் தெறித்தது. வியர்வையில் சேட்டுக் கை வழுக்கி முழங்கைக்கு இறங்கியது. அண்ணன்தான் முதலில் கண்டான். பாட்டை விட்டுவிட்டு இருமுவதுபோலச் சிரித்தான். குலுங்கியதில் அவன் பக்கத் தண்டு மேலே எழும்பியது. கூடு சரிந்தது. அந்தோனியார் என் பக்கமாகச் சாய்ந்து, என்ன எழுதியிருக்கிறது என்று தாமும் பார்த்தார்.

யாரோ பின்னாலிருந்து எட்டி வந்து தண்டைப் பிடித்து நிமிர்த்தினார்கள். அப்பா. நொண்டிக்கொண்டே என்னருகில் நடந்தார். கையைப் பார்த்தார்.

"ஆரடா உதைக் குத்தினது?"

நடந்துகொண்டே முழுக் கதையையும் ரகசியக் குரலில் சொன்னேன். மின்விசிறி, ஓம், வேல் எல்லாம். முன்னால் போன சுவாமியார் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, செபத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"உனக்கு என்னத்துக்கு நங்கூரம்?" என்றார் அப்பா.

"நானும் கடல்காரன்ரை பிள்ளை எண்டு தெரியட்டும் எண்டுதான்."

அப்பா என்னை விலகச் சொல்லவில்லை. பவனி முடியும்வரை, வலிக்கிற காலோடு, என் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்துக்கொண்டு நடந்தார்.

அடுத்த நாள் விடியும் முன் என் பாய்க்கு அருகில் வந்து நின்றார்.

"கடலுக்கு வாறியோ?"

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்தக் கேள்வி. ஆசையும் பயமும் ஒன்றாக வந்தன. வாந்தியை நினைத்து இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்பா குனிந்து என் கையைப் பிடித்து, டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"ஓம் எண்டு எழுதிக் கிடக்கு. எழும்பு."

போனேன். கரை மறைவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அம்மா கட்டித் தந்த இடியப்பம் முழுவதும் மீன்களுக்குப் போனது. அப்பா என் முதுகைத் தடவிவிட்டபடி அண்ணனிடம், "வலையை இதிலேயே போடு, இரை போட்டாச்சு" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருவரும் என் சம்மதத்தைக் கேட்பதில்லை. கையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என் மகள் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் சொல் அதுதான். வாசித்த அன்றே அதைக் காட்டி ஐஸ்கிறீம் வாங்கிவிட்டாள். மறைத்துத் தருவதாக ரூபன் பல தடவை கேட்டான். அந்த ஒன்றுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கறுப்பு மை இப்போது மெல்ல மெல்லப் பச்சையாகிக்கொண்டு வருகிறது. என் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு மறுநாள் விடிய அப்பா வாசலில் வந்து நிற்பார். "தம்பி, கையைக் காட்டு" என்பார். காட்டுவேன். அம்மா இப்போதெல்லாம் இடியப்பத்தை இரண்டு பொதியாகக் கட்டித் தருகிறா, ஒன்று எனக்கு, மற்றது மீனுக்கு.