திருக்கை மேல் வைத்த கால்

ஒப்புக்கொள்கிறேன்: நான் நீந்தப் பழகியது கொக்குவிலில், எங்கள் வளவுக் கிணற்றில். நான்கு முறை கையை வீசினால் எதிர்ச்சுவர் முட்டும். அந்த அனுபவத்தை வைத்தே என்னை ஒரு பெரிய நீச்சல்காரன் என்று நம்பியிருந்தேன்.

திருமணமான இரண்டாம் வாரம், வடமராட்சிக் கடற்கரையில் இருந்த மனைவி சுபாவின் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். மாமா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். நான் குளிக்க இறங்கியபோது கரையில் நின்று சொன்னார்:

"தம்பி, காலைத் தூக்கி வையாதேங்கோ. மணலிலை உரசி உரசி நடவுங்கோ. திருக்கை மீன் புதைஞ்சு கிடக்கும், வாலிலை நஞ்சு முள்ளு. கால் வாற அசுமாத்தம் கேட்டால் விலத்திப் போயிடும்."

"ஓம் மாமா" என்றேன். ஆனால் சுபாவின் தங்கைமார் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புது மாப்பிள்ளை வாதநோய்க்காரன்போல காலை இழுத்து நடப்பதா? (அப்போது எனக்குப் பெரிய மீசை வேறு.) நிமிர்ந்து, எட்டி எட்டி நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். வழுவழுப்பாக ஏதோ காலடியில் நெளிந்தது. அடுத்த கணம் கணுக்காலில் பழுக்கக் காய்ச்சிய ஆணி இறங்கியதுபோல ஒரு வலி. முழங்காலளவுத் தண்ணீரில் விழுந்து, "சுறா! சுறா!" என்று கத்தினேன்.

அறுபது தாண்டிய மாமா ஓடிவந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். மாமி ஒரு பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்து காலை அதற்குள் வைக்கச் சொன்னார். வலி தொடைவரை ஏறியது. சாகப்போகிறேன் என்று முடிவுசெய்து சுபாவின் கையைப் பிடித்தேன்.

"சுபா, எனக்குப் பிறகு நீர் தனிச்சிருக்கக் கூடாது. இன்னொரு கலியாணம் கட்டும். மனசார அனுமதி தாறன்."

தங்கைமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என் காலைச் சுடுதண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தபடி சொன்னார்:

"சிரியாதேங்கோ பிள்ளையள். என்ரை தம்பிக்கு நெஞ்சிலை குத்தினது. கரைக்குக் கொண்டுவாறதுக்கிடையிலை முடிஞ்சுது."

தம்பியைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்தார்கள். மூன்று வாரம் கொக்குவில் வீட்டில் படுக்கையில் கிடந்தேன். மாமா தினமும் பஸ் ஏறி வந்து காயத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சொல்லியும் கேட்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருபது வருடமாகிறது. வீட்டில் நான் குரலை உயர்த்தினால் சுபா நிதானமாகச் சொல்வாள்:

"கனக்கக் கதையாதேங்கோ. அனுமதி அண்டைக்கே தந்திட்டியள். சாட்சிக்கு மூண்டு தங்கச்சிமாரும் இருக்கினம்."