மாலையில் இறங்கும் ஆறு

நெடுவனம் என்றொரு நாடு இருந்தது. அதற்கு ஒரே ஆறு, பெயர் சிற்றாம்பை. அங்கே அரசர் பிறந்தநாளுக்கு விருந்து கிடையாது. குடும்பத்துக்கு ஒரு சீமை மரக்கன்றை ஆறு பிறக்கும் மலைப் புல்வெளியில் நட வேண்டும் என்பது வழக்கம். முப்பது பிறந்தநாள் கழிந்ததில் புல்வெளி போய்ப் பெருங்காடு வந்துவிட்டது. அதில் ஒரு கிளையை ஒடித்தாலும் ராஜதுரோகம்.

ஆற்றில் நட்டிருந்த அளவுகல்லில் நீர்மட்டம் பார்த்து ஏட்டில் எழுதும் வேலை சடையம்மாளுடையது. அவள் பிறந்த ஊர், ஆறு முடிகிற கடைமடை. தங்கை பூவாயி இன்னும் அங்கேதான் குடும்பம் நடத்தினாள். கோடையில் ஆறு எட்டாவிட்டால் அங்கே குடிக்கவே தண்ணீர் கிடையாது. ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

மழையில்லாத மாதங்களில் ஆறு என்று ஓடுவது மலைமண்ணிலிருந்து கசிகிற ஈரம் மட்டுமே. அந்தக் கோடையில் சடையம்மாள் ஒன்றைக் கவனித்தாள். விடியலில் இருந்த நீர் மாலைக்குள் நான்கு விரல் இறங்கிவிடுகிறது. மறுநாள் விடியலில் பாதி ஏறுகிறது. மேகம் மூடிய நாட்களில் இறக்கம் குறைவு. நீர்வளப் பேரமைச்சர் இளந்திரையரிடம் போய்ச் சொன்னாள்.

"யாரும் திருடலீங்கய்யா. அரசர் காட்டு மரம் குடிக்குது. வெயில் ஏற ஏற வேர் இழுக்குது, இலை வானத்துக்கு விட்டுடுது. மிச்சம்தான் ஆத்துக்கு வருது."

அமைச்சர் அவள் ஏட்டை மூடி வைத்தார். "மாமன்னர் பெயர் தாங்கிய மரம் தண்ணீர் குடிக்கிறது என்று அரசுத் தாளில் எழுத முடியாதம்மா. வேறு காரணம் சொல்."

"வேற காரணம் இல்லீங்களே."

மறுநாள் ஆணை வந்தது. அளவுகல்லை இனி விடியலில் மட்டுமே பார்க்க வேண்டும். ஏட்டில் ஆறு நிறைந்தது. ஏடு நிறைந்ததால், தண்ணீர் வரவில்லை என்ற கடைமடையின் முறையீடு பொய்யாகிவிட்டது. பொய்க்குத் தண்டனையாக அவ்வூரார் தலைக்கு இரண்டு கன்று கூடுதலாக நட வேண்டும் என்று அடுத்த ஆணை வந்தது. மூன்று நாள் நடந்துபோய் நட்டுவிட்டு வந்தார்கள். பாவம், வேறென்ன செய்வார்கள்?

அடுத்த கோடையில் அரசரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். எதிர்த்து நின்ற வேழமாறனின் சின்னம் கோடரி. கோடரி வந்தால் ஆறு வரும் என்று ஊர் ஊராகச் சொன்னார். கடைமடையில் ஒரு வாக்குகூடச் சிதறவில்லை. இதைச் சொல்கிற நானும் அந்நாட்டுக் குடிதான்; கோடரிக்குத்தான் போட்டேன். இப்போது நினைத்தாலும் மனம் ஆறவில்லை. வேழமாறன் அரியணை ஏறினார். கோடரிக்குச் சந்தனம் பூசி, பட்டு விரித்து, அரண்மனை முகப்பில் வைத்தார்கள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சடையம்மாள் அமைச்சரிடம் போனாள். அதே இளந்திரையர்தான், மேல்துண்டின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

"எப்பங்கய்யா வெட்டுவீங்க? தங்கச்சி ஊரு இன்னும் ஒரு வாரம் தாங்காது."

"கோடரி இப்போது அரசுச் சின்னம் அம்மா. அதைத் தூக்கிப்போய் மரத்தில் போட்டால் சின்னத்தை அவமதித்ததாகும். சட்டத்தில் இடமில்லை."

சடையம்மாள் கடைமடை போய்ச் சேர்ந்தபோது பூவாயி வீட்டுச் சாமான்கள் வண்டியில் ஏறியிருந்தன. கதவில் கோடரிப் படம் வெயிலில் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. சடையம்மாள் அதைக் கிழிக்கக் கை நீட்டினாள்.

பூவாயி தடுத்தாள். "விடுக்கா. நாமதானே ஒட்டுனோம்."