முப்பது கிலோ தூக்கத் தகுதி

அன்றைக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, மதியம் இரண்டு மணிக்குள் காலேஜ் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

எனக்குப் பதிமூன்று வயதிலிருந்து மூட்டுவாதம். காலையில் விரல் மடங்காது, முட்டி நிமிராது. பத்து மணிக்கு மேல் ஓரளவு மனிதனாகிவிடுவேன். அப்போது ஷார்ஜாவில் ஒரு காலேஜில் இரண்டாம் வருஷம். செமஸ்டருக்கு ஐந்து பாடம். அதில் இரண்டு கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன.

மாணவர் நலப் பிரிவில் இருந்த லெபனான் மேடம்தான் வழி சொன்னார். "உடம்பு காரணம் என்றால் மூன்று பாடம் மட்டும் எடுக்கலாம். அப்போதும் நீ முழுநேர மாணவன்தான். விண்ணப்பத்தை வாங்கி வைக்கிறேன். டாக்டர் கடிதம் கொண்டு வா."

முழுநேரம் என்பது முக்கியம். பதினெட்டு தாண்டிய பையன் அப்பாவின் விசாவில் இருக்க வேண்டுமென்றால், படிக்கிறான் என்று காலேஜ் எழுதித் தர வேண்டும். ஃபெயிலாகி வெளியே வந்தால் விசா கலாஸ். அடுத்த விமானம் திருவனந்தபுரம்!

மேடம் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது. என்னை வழக்கமாகப் பார்க்கும் ஸ்பெஷலிஸ்டிடம் போயிருக்கலாம். வெட்கம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், பாடத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் வாங்குவதா? தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசி நாள் காலையில் போன் செய்தேன். அப்பாயின்ட்மென்ட் ஒரு வாரம் கழித்துத்தான் என்றார்கள்.

அப்பாவிடம் பாதி உண்மையைச் சொன்னேன். "காலேஜில டாக்டர் சர்ட்டிபிகேட் கேக்காங்கப்பா. இன்னைக்கே வேணும்."

"அதுக்கு ஏம்லே மூஞ்சிய இப்படி வச்சிருக்க? எங்க கம்பெனி கிளினிக் இருக்கு. பத்து நிமிஷம்!"

அப்பா குளச்சல்காரர். கப்பல் பட்டறையில் வெல்டர். அவருக்கு டாக்டர் என்றால் விசா மெடிக்கல். அதில் இரண்டே முடிவு: ஃபிட், அன்ஃபிட். முன்பு அவரோடு கம்பெனி கேம்ப் ரூமில் இருந்த பஸ்தியான் அண்ணனை 'அன்ஃபிட்' என்று எழுதி ஒரே வாரத்தில் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். வெள்ளைக் கோட்டைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்து. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், எங்கேயும் இல்லை. ஸ்பெஷலிஸ்டுக்கு மட்டும் விலக்கு. அவர் கையில் ஃபார்ம் கிடையாது.

கிளினிக்கில் ஹைதராபாத் டாக்டர். "க்யா ப்ராப்ளம்?"

"நோ ப்ராப்ளம், டாக்டர் சாப்! ஏக்தம் ஃபிட்!" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்தார். விளக்கியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"ஃபிட், சார்!"

பழக்கம்!

"பிறகு எதுக்கு வந்தீங்க?"

"சர்ட்டிபிகேட்டுக்கு!" என்றார் அப்பா.

டாக்டரின் பார்வை வீங்கிய என் விரல்களில் போய் நின்றது. அப்பா அதைக் கவனித்துவிட்டார்.

"மக்களே, டாக்டருக்கு உக்காந்து எந்திச்சு காட்டு."

"அப்பா..."

"காட்டுலே!"

காட்டினேன். அப்பா சத்தமாக எண்ணினார். பன்னிரண்டு. நேர்மையாகச் சொன்னால் பதினொன்று. பன்னிரண்டாவதில் மேசையைப் பிடித்துத்தான் எழுந்தேன்.

வெளியே நீண்ட வரிசை. "அச்சா, அச்சா, பஸ்!" போதும் என்று டாக்டர் கையைத் தூக்கினார். அந்தக் கிளினிக்கில் இருந்தது ஒரே வகை ஃபார்ம்தான். டிக், டிக், டிக், ஸ்டாம்ப்.

காரில்தான் வாசித்தேன்.

"அப்பா, இதுல நான் நல்லா இருக்கேன்னு போட்டிருக்கு."

"பின்னே!" என்றார், பெருமையாக.

"எனக்கு முடியலன்னுதான்பா எழுதணும். மூணு பாடம் போதும்னு கேக்கப் போறேன்."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "ஆபீஸ்ல போயி முடியலன்னு சொல்லப் போறியா? லே, நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிடுதேன்."

மணி ஒன்று நாற்பது. திரும்பிப் போக நேரமில்லை.

காலேஜ் ஆபீஸில் மேடம் அதை நிதானமாக வாசித்தார். "உயரத்தில் வேலை செய்ய, தகுதி. டேங்குக்குள் இறங்க, தகுதி. முப்பது கிலோ தூக்க, தகுதி." கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் பார்த்தால் உனக்கு எட்டுப் பாடம் கொடுக்கலாம் போலிருக்கிறதே?"

"என்ன சொல்லுதாங்க?" அப்பாவுக்கு ஆங்கிலம் ஓடாது. நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"எட்டுப் பாடம் குடுக்கலாமாம்."

"பாத்தியா!"

மேடம் சிரிக்கவில்லை. "காலையில் உனக்குச் சிரமம் உண்டா என்று அப்பாவிடம் கேள்."

கேட்டேன்.

"இல்லன்னு சொல்லு."

சொன்னேன்.

"அப்படியானால் என்னால் எதுவும் செய்ய முடியாது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று கையெழுத்துப் போடு." ஒரு தாளும் பேனாவும் என் பக்கம் வந்தன. கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் பாக்கி.

பேனாவை எடுத்தேன். நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். பன்னிரண்டு முறை உட்கார்ந்து எழுந்த முட்டி, பதிமூன்றாவதற்கு மறுத்துவிட்டது. மேசைக்கடியில், மேடத்தின் செருப்பைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன்!

அப்பா எழுந்து வந்தார். என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்தார். "ஒண்ணு, ரெண்டு, ஏலோ!" நாற்காலியில் உட்கார்த்தினார். பேனாவைக் கைக்குட்டையால் தடிமனாகச் சுற்றினார். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதன்மேல் வைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதை இவர் எங்கே கற்றுக்கொண்டார்?" என்றார் மேடம்.

கேட்டேன்.

"எங்க கத்துக்கிட? தெனமும் செய்யுததுதான? அஞ்சு மணிக்கு இவனை எழுப்பி, பட்டன், சாக்ஸு, ஷூ லேஸு எல்லாம் போட்டு விட்டுட்டுத்தான ட்யூட்டிக்கு வண்டி ஏறுவேன். ஆறு வருஷமா..."

நிறுத்திவிட்டார். மொழிபெயர்க்காதே என்று கண்ணால் கெஞ்சினார்.

நான் நேர்மையான மொழிபெயர்ப்பாளர். சாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் கையெழுத்துக்கு வைத்த தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டு வேறொரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

"மக்களே," அப்பாவின் குரல் உள்ளே போய்விட்டது. "விசா போச்சா?"

"இன்றைய தேதியிலேயே பதிவு செய்கிறேன்," என்றார் மேடம். "ஸ்பெஷலிஸ்ட் கடிதம் பத்து நாளில் வர வேண்டும். முழுநேர மாணவன் என்று விசாவுக்கு நானே எழுதித் தருகிறேன்."

சொன்னேன்.

"முடியலன்னு சொன்ன பெறவும் இருக்கலாமா?"

"இருக்கலாமாம்பா."

"இன்னொரு தடவ கேளு."

கேட்டேன். மேடம் இன்னொரு தடவையும் ஆமாம் என்றார். அப்பா அங்கேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், பேனாவில் சுற்றியிருந்த அதே கைக்குட்டையால்.

நாலு வருஷப் படிப்பை ஆறு வருஷத்தில் முடித்தேன். பட்டத்தின் நகல் அப்பாவின் ஃபைலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பக்கத்தில் அந்த ஃபிட் சர்ட்டிபிகேட்டும் பத்திரமாக இருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று.

அதன்படி நான் இன்றும் முப்பது கிலோ தூக்கலாம். ஊறுகாய் பாட்டில் மூடியை மட்டும் அப்பாதான் திறந்து தர வேண்டும்.