அறுபத்தைந்தில் பறந்த முந்திரி

காடாம்புலியூர்,
புதன்கிழமை

சிதம்பரத்தில் இருக்கும் அன்பு மச்சான் அறிவழகனுக்கு, தில்லைநாதன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் சுகம், முந்திரிக் கம்பெனியும் சுகம். அங்கே அனைவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் மகள் சத்யப்பிரியாவை எலக்ட்ரிக்கலில் சேர்க்கலாமா, பொம்பளைப் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று கேட்டிருந்தாய். அடுத்த வாரத்துக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டுமாமே. கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடு. என் மகள் இளமதி அதைப் படித்துத்தானே சிப்காட்டில் வேலை பார்க்கிறாள்! போன மாதம் வந்தவள், பருப்பிலிருந்து தோலை ஊதிப் பிரிக்கும் புளோயர் மோட்டாருக்கு டிரைவ் என்றொரு பெட்டியை மாட்டினாள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகு. ஐம்பது ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய மோட்டாரை, அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளந்து பார்த்து ஐம்பத்து மூன்றில் ஓடவிட்டாள். "இதுக்கு மேல போவாதீங்கப்பா" என்றும் சொன்னாள். ஒட்டிக்கிடந்த தோலெல்லாம் பிரிந்து போனது. பெருமை தாங்காமல் பண்ருட்டி வரைக்கும் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை மழை ஈரம், தோல் பிரியவில்லை, நம் ஆள் சாமிக்கண்ணு இருக்கிறாரே, மூன்று கூட்டினதற்கே இப்படியென்றால் என்று கணக்குப் போட்டு அறுபத்தைந்துக்குத் திருகிவிட்டார், தோல் பறந்தது, பின்னாலேயே பருப்பும் பறந்தது, எதிர் டீக்கடையில் எல்லோருக்கும் டீயோடு முந்திரி, ஒருத்தனாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தானா, அதற்குள் மோட்டார் தோசைக்கல்லாகக் காய, டிரைவ் தானாகவே நிறுத்திவிட்டது. சாமிக்கண்ணுவைத் திட்டி வீட்டுக்கு அனுப்பினேன்.

நேற்று இளமதி வந்து பார்த்தாள். "அம்பதுக்கு மேல வேகம் ஏறுனா மோட்டாருக்கு இழுக்குற தெம்பு கொறயும்ப்பா. புளோயருக்கோ சுமை ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடும். சூடாவாம என்ன செய்யும்?" என்றாள். எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். மோட்டார் பிழைத்தது. இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றதற்கு நான் கொடுத்து வைத்தவன் மச்சான்.

சத்யப்பிரியாவுக்கு அத்தை மாமாவின் ஆசி. பறக்காமல் மிஞ்சிய பருப்பில் ஒரு கிலோ அனுப்புகிறேன்.

உன் மாமா,
தில்லைநாதன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இளமதி வாங்கிப் படித்துவிட்டாள். எத்தனை மணிக்கு, எந்த வேகத்தில் நின்றது என்று அந்தப் பெட்டி குறித்து வைத்திருக்கிறதாம். "ஒண்ணே முக்காலுக்கு நின்னுருக்குப்பா. அது தினமும் சாமிக்கண்ணு மாமா சாப்புடப் போற நேரம். நீங்க மட்டுந்தான இருந்தீங்க?" என்றாள். திருகியது நான்தான் மச்சான். மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். பெற்ற அப்பனையே பிடித்துக் கொடுக்கிற படிப்பு இது. அடுத்த வாரம் வரை காத்திருக்காதே, நாளைக்கே சேர்த்துவிடு.