ஆப்பிரிக்காவைக் கழுவிய வேலப்பன்

ஆப்பிரிக்கா முழுவதும் பூஞ்சணம் பிடித்திருந்தது.

வேலப்பன் கண்ணாடிச் சட்டத்தை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கரையோரம் மட்டும் பொடி எழுத்து தெரிந்தது. நடுவில் சாம்பலைக் கொட்டினாற்போல ஒரே பூஞ்சணம்.

தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு ஆப்பிரிக்கக் கண்டத்தின் பழைய வரைபடங்களைச் சேர்க்கிற கிறுக்கு. ஆயிரத்து எண்ணூறுகளின் தொடக்கத்தில் அச்சானதாக இருக்க வேண்டும். அதற்குப் பிந்தியது என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மலேசியாவில், பிரிஞ்சாங் மலைக் குளிரில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்கா எதற்கு என்று அவரைக் கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. மற்ற படங்கள் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தன. இது ஒன்றுதான் சுவரில் தொங்கியது. இருப்பதிலேயே உசத்தி.

கொழுந்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த வேலப்பனைப் பங்களா வேலைக்கு எடுத்த கையோடு துரை லீவில் சீமைக்குப் போய்விட்டார். "படத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். தொட்டால்தானே கெடும் என்று வேலப்பன் அந்த அறைக் கதவையே திறக்கவில்லை. மலைப்பனி சாவி கேட்கவில்லை.

துரை சனிக்கிழமை வருகிறார்.

வேலை போனால் லயத்து வீடு போகும், அது பரவாயில்லை. வேலப்பனிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை. துரை கையெழுத்துப் போட்டால்தான் வேலை பெர்மிட். பெர்மிட் இல்லையென்றால் கப்பல். பெண்டாட்டி சரோஜாவுக்கும் பிள்ளைகளுக்கும் குடிமக்களின் நீல அட்டை, அவர்கள் இங்கேயே இருப்பார்கள். இதே மலையில் ரிங்லெட்டில் பிறந்தவனைத் தனியாக நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவனுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

"சரோஜா, என் கதை முடிஞ்சிச்சு" என்றான்.

சரோஜா எட்டிப் பார்த்தாள். "பூஞ்சணந்தானே. எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணியில தொடச்சா போயிரும். என் டிரங்குப் பெட்டிக்குப் போகலியா?"

"இது பெட்டியா? கண்டம்டி."

"கண்டமா இருந்தா என்னா, பூஞ்சணம் பூஞ்சணந்தான்."

துடைத்தார்கள். பூஞ்சணம் போனது. கூடவே கடலும் போனது. நீலச் சாயம் முழுக்கத் துணியில் இருந்தது.

"கடலு போனா யாரு கேக்கப் போறா, அங்க என்னா ஊரா இருக்கு" என்றாள் சரோஜா.

படம் நனைந்து தொங்கியது. வெயில் என்ற ஒன்றை மலை அந்த வாரம் கண்ணில் காட்டவில்லை. வேலப்பன் படத்தைச் சாக்கில் மறைத்துத் தேயிலை ஆலைக்குக் கொண்டுபோனான். தேயிலை காயவைக்கும் இயந்திரத்தில் அவனுடைய மச்சான் ஆண்டியப்பன் வேலை பார்த்தான்.

"கொழுந்தே காயுது, கடுதாசி காயாதா? கொடு மச்சான்" என்றான் ஆண்டியப்பன்.

காய்ந்தது. பொரித்த அப்பளம்போலச் சுருண்டு, ஓரமெல்லாம் பழுத்துப்போய் வெளியே வந்தது.

"கொஞ்சம் கூடிருச்சுலா" என்றான் ஆண்டியப்பன்.

வீட்டில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து விரித்தபோதுதான் வேலப்பன் அதை முழுசாகப் பார்த்தான். கரையைச் சுற்றி ஊர்ப் பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு ஊர் இல்லை, ஆறு இல்லை. வெறும் காகிதம்.

"பாவி மவளே, எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு எல்லாத்தயும் அழிச்சிட்டியேடி" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

சரோஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கதானே அழுத்தித் தொடச்சீங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ராதாகிருஷ்ணனிடம் ஓடினான். வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"பாதி உலகத்தக் கழுவிட்டியே, வேலப்பா."

"காப்பாத்துங்க சார். கப்பல்ல ஏத்திருவாங்க."

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து அட்லசை விரித்தார், கட்டைப்பேனாவை மையில் தோய்த்தார். சயர், சாம்பியா, உகாண்டா, தான்சானியா என்று ஒவ்வொன்றாக இங்கிலீஷில் குண்டு குண்டாக இறக்கினார். எல்லைக்கோடு போட்டார். ரயில் பாதையும் போட்டார்.

"அந்தக் காலத்துல ரயிலு இருந்துச்சா சார்?"

"அட்லசுல இருக்கு. நாம எதயும் விடக்கூடாது."

பேனாவிலிருந்து ஒரு பெரிய சொட்டு மை விழுந்தது.

"பரவால்ல, அங்க ஒரு ஏரி இருக்கு" என்றார் வாத்தியார்.

"நெசமாவா சார்?"

"இனிமே இருக்கு."

மை புதுசாகப் பளபளத்ததால் சரோஜா தேயிலைச் சாயத்தைப் பஞ்சில் தொட்டு மேலே ஒற்றினாள். சட்டத்தில் போட்டு மாட்டிப் பார்த்தார்கள். முன்னைவிட நிறைவாக இருப்பதாக வாத்தியார் சொன்னார். அன்றுதான் வேலப்பனுக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் துரையின் கார் வந்தது. துரை நேரே அந்த அறைக்குள் போனார். வேலப்பன் கதவோரம் கைகட்டி நின்றான்.

"யாரு செஞ்சது?" என்று உள்ளே இருந்தே துரை கேட்டார்.

வாத்தியார் பெயரை இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "நான்தான், துரை."

துரை வெளியே வந்தார். திட்டவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"நாளையிலேர்ந்து பங்களாவுக்கு வர வேணாம். தோட்டத்துக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

வேலப்பன் வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். டிரைவர் காளிமுத்து காரிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். துரை இல்லாத மாதங்களை மலையடிவாரத்துத் தாப்பாவில் மாமியார் வீட்டில் கழித்துவிட்டு, இன்றைக்குத்தான் துரையைக் கூட்டிக்கொண்டு மலையேறியிருந்தார்.

"என்னாடா, மூஞ்சி இப்படி இருக்கு?"

வேலப்பன் எலுமிச்சம்பழத்திலிருந்து ரயில் பாதை வரை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நடுவுல அழிஞ்சத அத்தனையும் திருப்பி எழுதி வெச்சோம்ணே. எந்த ஊரு விட்டுப்போச்சுன்னு துரை இவ்ளோ கோவிச்சுக்கிட்டாருன்னுதான் தெரியல."

காளிமுத்து கையிலிருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"அட வேலப்பா, உள்ளுக்குள்ள என்னா இருக்குன்னு வெள்ளக்காரனுக்கே தெரியாத காலத்துல போட்ட படம்லா அது, நடுவுல ஒண்ணுமே இல்லாம காலியா இருக்குன்னுதான் துரை அவ்ளோ ஆசையா தேடி வாங்குனாரு."