ஞாயிறு நாலு முதல் ஆறு வரை

"உன் மேல மனு வந்துக்குதுபா, முத்து."

ஊராட்சி அலுவலக உதவியாளர் முனுசாமி இதைச் சொன்னபோது, முத்துக்குமார் வேப்பந்தாங்கல் ஏரிக்கரை மேல் மொபெட்டை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். மொபெட்டின் கேரியரில் கட்டிய கயிறு சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போனது. அதன் மறுமுனையில் காற்றடித்த இரண்டு லாரி ட்யூப்கள். ட்யூப்புக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு மிதந்து வந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டி ட்யூப் போகக் கூடாது என்பதில் மட்டும் முத்துக்குமார் கறார்.

அவர் மொபெட்டை நிறுத்தினார். ட்யூப்கள் நிற்காமல் வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"மனுவா? என் மேலயா? நான் இன்னாபா பண்ணேன்?"

"ஞாயித்துக்கிழமை நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் ஏரியில ட்யூப் இழுக்கக் கூடாதாம்."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் இழுத்துக்கலாமாம்."

"யாரு குடுத்தது?"

"அத்த சொல்லக் கூடாது. ரூல்ஸ். கோடு போட்ட தாள், கையெழுத்து முத்து முத்தா இருக்குது. அவ்ளோதான் சொல்லுவேன்."

முத்துக்குமார் மொபெட்டை விட்டு இறங்கினார். ஞாயிறு நாலு முதல் ஆறு வரைதான் அவர் வாரம் முழுவதும் உயிரோடு இருந்த நேரம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டுத் தறியில் மற்ற ஆறு நாளும் அவருடைய கை கால்கள் மட்டும் நெய்துகொண்டிருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய மனைவி காவேரி, மகள் காயத்ரியைக் கூட்டிக்கொண்டு செவிலிமேட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குடியா, அடியா என்றால் ஒன்றுமில்லை. தெருவில் யார் வீட்டுத் தறியில் பாவு நூல் அறுந்தாலும் முத்துக்குமார்தான் முதல் ஆளாக ஓடுவார். தன் வீட்டில் கேஸ் தீர்ந்து மூன்று நாளானது அவருக்குத் தெரியாது. "நீ ஊருக்கே புருஷனா இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் காவேரி பெட்டியைத் தூக்கினாள். கோர்ட்டில் பேசி, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் மகள் அப்பாவுக்கு என்று முடிவானது.

முதல் சில வாரம் காயத்ரி அவர் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள், தறியைப் பார்த்தாள். "போரடிக்குதுபா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அவர் பஞ்சர் கடையில் ட்யூப் வாங்கினார். பட்டுக் கழிவு நூலை முறுக்கித் தானே கயிறு திரித்தார். ஏரி நிரம்பிய முதல் ஞாயிறு அப்பாவும் மகளும் மட்டும். ஒன்றரை மணி நேரம் இழுத்தார். அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வாரம் முழுக்கத் தறிச் சத்தத்தையும் மீறிக் காதில் கேட்டது.

அடுத்த ஞாயிறு கரையில் நாலு பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பார்க்க வைத்துவிட்டுத் தன் பெண்ணை மட்டும் இழுக்க மனசு வருமா? ஏற்றினார். ஒரு மாதத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் ஆனார்கள். அட்டையில் டோக்கன் வெட்டினார். சொந்தப் பெண்ணை முதலில் ஏற்றினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? காயத்ரிக்கு எப்போதும் கடைசி டோக்கன்.

"அப்பா, செத்த ஒக்காந்து பேசலாம்பா."

"இரும்மா, இன்னும் எட்டு பேர் நிக்கறாங்க பாரு."

அந்த எட்டுப் பேர் முடிவதற்குள் மணி ஆறாகிவிடும். ஊராட்சி அலுவலகத்தை ஒட்டிய பஸ் ஸ்டாப்பிலிருந்து காவேரி போன் பண்ணுவாள். காயத்ரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையிறங்கிப் போய்விடுவாள்.

இப்போது இந்த மனு. ட்யூப் நின்றுபோனால் காயத்ரி எதற்காக வரப்போகிறாள்? எப்படியாவது மனுக் கொடுத்த ஆளைக் கண்டுபிடித்துச் சமாதானம் செய்துவிட வேண்டியதுதான்.

முதல் சந்தேகம், ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த வரதராஜன் மேல். அரைக் கிலோ மைசூர்பாகோடு போய் நின்றார்.

"அண்ணே, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. மனு குடுத்தது தப்பில்ல. உங்க கஷ்டம் உங்களுக்கு."

வரதராஜன் விழித்தார். "மனுவா? நான் எதுக்குபா உன் மேல மனு குடுக்கப்போறேன்?"

"நீங்க இல்லியா? அப்ப மன்னிச்சுக்கோங்கண்ணே." முத்துக்குமார் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"இரு, இரு." வரதராஜன் பெட்டியை வாங்கி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "நீ கேட்டதனால சொல்றேன். இத்தினி நாளா எனக்கே தோணல. உன் மொபெட்டு சத்தத்துக்கு மீனு கரையோரம் அண்டறதில்ல. இஞ்சின நிறுத்திட்டு இழுத்துக்கோ. நாலுலேர்ந்து நாலரை வரைக்கும் நான் வலை போட்டுக்கறேன். இன்னா சொல்ற?"

"அதுக்கென்னண்ணே, ஏரி எல்லாருக்கும் பொதுதான?" என்றார் முத்துக்குமார்.

அடுத்த ஞாயிறு மொபெட் வீட்டில் நின்றது. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலரை மணியிலிருந்து முத்துக்குமாரே கரை மேல் ஓடினார். இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினொரு பேரை இழுப்பதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. காயத்ரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். வாங்கிக் குடிக்க அவருக்கு நேரமில்லை.

மறுநாள் முனுசாமி போன் செய்தார். "இன்னொரு மனுபா. அதே கோடு போட்ட தாளு."

அப்படியானால் எருமைக்காரி பூவம்மாள்தான். அரைக் கிலோ ஜாங்கிரியோடு போனார்.

"நானா?" பூவம்மாள் சாணிக் கையோடு கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். "எனக்குக் கையெழுத்தே வராதுப்பா, மனு எங்கேர்ந்து வரும்? ஆனா நீயே வந்து கேட்டுக்கினதால சொல்றேன். உன் ட்யூப்பு கறுப்பா மெதக்குதா? என் எருமை அத்தக் கன்னுன்னு நெனைச்சுக்கினு பின்னாடியே நீஞ்சுது. வீட்டுக்கு வந்தா ஏக்கத்துல பால் சுரக்க மாட்டேங்குது."

"ஐயையோ! கலரை மாத்திடறேன்மா."

"நாலரைலேர்ந்து அஞ்சு வரைக்கும் அதுங்க குளிச்சிட்டுப் போயிடட்டும். அப்பறமா நீ எத்தையாவது இழு."

கலரை மாற்றுவது நெசவாளருக்கு ஒரு வேலையா? பழைய பருத்திப் புடவையை ட்யூப்புக்கு உறையாகத் தைத்தார். பக்கத்துச் சாயப் பட்டறையில் மிச்சம் கிடந்த அரக்குச் சாயத்தில் முக்கி எடுத்தார். பட்டுக்குப் பிடிக்கிற சாயம் பருத்திக்குப் பிடிக்காது என்பது பிள்ளையார்பாளையத்துப் பூனைக்கும் தெரியும். மூன்று தலைமுறை நெசவுக்காரருக்கு அந்த அவசரத்தில் அது மறந்துபோனது.

ஞாயிறு மாலை ஐந்தரைக்குப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் பின்பக்கம் செக்கச்செவேலென்று கரையேறின. தாய்மார்கள் ரத்தம் என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். சாயம் என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாக அலறினார்கள். அன்றைக்குக் கரையில் கறைபடாமல் இருந்தது ஒரே ஒரு வெள்ளை கவுன். அது காயத்ரியுடையது. அவளுடைய முறைதான் வரவேயில்லையே!

மூன்றாவது மனு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே வந்துவிட்டது.

"அது இன்னாபா, என்ன செஞ்சாலும் திருப்தியாகாத மனுஷன்?" முத்துக்குமாருக்கு அழுகையே வந்தது. அவ்வளவு நல்ல கையெழுத்தும், கோடு போட்ட தாளும் படித்தவருடைய வேலையாகத்தான் இருக்க வேண்டும். செவிலிமேட்டிலிருந்து தினமும் நடக்க வரும் கூட்டத்துக்குத் தலைவர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் குரு. அவருக்குச் சர்க்கரை என்பதால் ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டார்.

"நாங்க மனு எதுவும் குடுக்கலையே" என்றார் குரு. ஆரஞ்சை முகர்ந்து பார்த்தார். "பட், நீங்க இவ்வளவு பண்போட கேக்கறதால சொல்றேன். குழந்தைங்க கத்தறது கொஞ்சம் ஓவர். மனசு அமைதிக்குத்தானே ஏரிக்கு வரோம்? அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் எங்களுக்கு நிம்மதியா விட்டுட்டா நல்லாருக்கும். அதோட, ஏரிக்குன்னு ஒரு டைம் டேபிள் போட்டு போர்டு வெச்சா எல்லாருக்குமே சௌகரியம்."

முத்துக்குமாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. சண்டை சச்சரவில்லாமல் ஓர் ஏரியைப் பங்கிடுவது எவ்வளவு பெரிய விஷயம்! தறி வேலையை இரண்டு நாள் போட்டுவிட்டு, தகரப் பலகையில் பெயின்டால் தானே எழுதினார். நாலு முதல் நாலரை, வலை. நாலரை முதல் ஐந்து, எருமை. ஐந்து முதல் ஆறு, அமைதி. கீழே பெரிய எழுத்தில், 'ஏரி எல்லோருக்கும் பொது. விட்டுக்கொடுப்போம்.'

பலகையை நட்டு முடித்துத் தூர நின்று பார்த்தபோதுதான் அதில் ட்யூப் இல்லை என்பது உறைத்தது.

"நேரத்தை யாருபா பாத்துக்கறது?" என்று கேட்டார் வரதராஜன்.

"போர்டு வெச்சவரே பாத்துக்கட்டும். அவர மாதிரி பொறுமை யாருக்கு வரும்?" என்றார் குரு. எல்லோரும் கை தட்டினார்கள். பூவம்மாள் கூடத் தட்டினாள். முத்துக்குமார் கழுத்தில் ஒரு விசில் ஏறியது.

அந்த ஞாயிறு காயத்ரி வந்தபோது அப்பா எருமையைப் பார்த்து விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னிக்கு ட்யூப் இல்லியா?"

"இல்லம்மா."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப நாம ரெண்டு பேரும் ஒக்காந்துக்கலாமா?"

"எங்கம்மா ஒக்கார்றது? அஞ்சு மணிக்கு எருமையக் கரையேத்தணும். அஞ்சுக்கு மேல பேசக் கூடாது, அமைதி நேரம். அதோ அந்தக் கல்லு மேல இரு, வந்துடறேன்."

ஆறு மணி வரை அவள் கல் மேல் இருந்தாள். அவர் மூன்று முறை அவளைத் தாண்டிப் போனார். மூன்று முறையும் கையை ஆட்டினார்.

அன்று இரவே அவருக்கு அந்த அற்புதமான யோசனை உதித்தது. நெசவாளருக்கு விடுமுறை எது? அமாவாசை. அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் எவனும் தறியில் உட்காரமாட்டான். வலை, எருமை, வாக்கிங் எதுவும் குறுக்கே வராமல் நாள் முழுக்க ட்யூப் இழுக்கலாம். பூரிப்போடு காவேரிக்குப் போன் செய்தார்.

"இனிமே பாப்பாவ அமாவாசைக்கு அனுப்பிடு. முழு நாளும் அதுக்குத்தான்."

"அமாவாசை புதன்கிழமை வருது. புள்ளைக்கு ஸ்கூல் இருக்குதுன்னு ஞாபகம் இருக்குதா?"

முத்துக்குமாருக்கு இல்லை. முப்பது வருஷமாக அமாவாசையென்றால் லீவு. உலகத்துக்கே அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

"ஒரு நாள் லீவு போட்டா இன்னா?"

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னா ஆச்சு?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஏரியில பொறுப்பு இருக்குதும்மா. நாலு பேரு நம்பிக்கினு இருக்கறாங்க."

"பாப்பா பக்கத்துலதான் இருக்குது. கேட்டுக்கினுதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் காவேரி போனை வைத்துவிட்டாள்.

அமாவாசை வந்தது. ஏரியில் கால் வைக்க இடமில்லை. முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட வந்த கூட்டம் படித்துறையெல்லாம் நிரம்பியிருந்தது. புதிதாக வாங்கிய இரண்டு ட்யூப்புக்கும் காற்றடித்து, ஒன்றில் 'காயத்ரி' என்று பெயின்டால் எழுதி, முத்துக்குமார் கரையில் காத்திருந்தார். பிள்ளை என்று ஒன்று வரவில்லை. ஈர வேட்டியோடு வந்த பெரியவர் ஒருவர், தண்ணீரில் போய்விட்ட தன் துண்டை அந்த ட்யூப்பில் போய் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எடுத்துத் தந்தார். யார் என்ன கேட்டு அவர் மாட்டேன் என்றிருக்கிறார்?

பதினொரு மணிக்கு முனுசாமி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"முத்து, நல்ல சேதிபா! மனு வாபஸ். குடுத்தவங்களே எழுதி மனுப் பெட்டியில போட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை இனிமே நீ இஷ்டத்துக்கு இழுத்துக்கலாம்."

முத்துக்குமார் எழுந்தே விட்டார். "பாத்தியாபா! நாலு பேருக்கு விட்டுக்குடுத்துப் போனா எல்லாம் தன்னால சரியாயிடும். இன்னா காரணம் எழுதிக்கறாங்க?"

முனுசாமி தாளைப் பிரித்துத் தூரமாகப் பிடித்தார். "'இனிமேல் நான் ஞாயிற்றுக்கிழமை வரப்போவதில்லை. அதனால் ட்யூப்பை நிறுத்த வேண்டாம்.' அவ்ளோதான்."

"அடடா. யாருபா அந்த மனுஷன்? நேர்ல போய் ஒரு நன்றி சொல்லணும். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கினு போறேன், பேரச் சொல்லு. இப்பவாவது சொல்லலாம்ல?"

"வாபஸ் ஆயிட்டா சொல்லலாம், அதுக்கு ரூல்ஸ் இல்ல." முனுசாமி சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "'காயத்ரி, தகப்பனார் பெயர் முத்துக்குமார், ஆறாம் வகுப்பு'ன்னு போட்டுக்குது. உனக்குத் தெரிஞ்ச பொண்ணாபா?"