தூக்கணாங்குருவி விற்ற பழைய கூடு

வரி அலுவலகம் வந்து சேரும்வரை நிம்மதியாக இருந்த ஒரு காட்டில் ஏகாம்பரம் என்ற தூக்கணாங்குருவி குடியிருந்தார். குஞ்சுகள் பறந்துபோனதும் அவர் கூடு காலியானது. கூடு கட்டச் சோம்பல்படும் சில்லைக்குருவி ஒருவர் வந்து, "சும்மாத்தானே தொங்குது, எனக்குக் கொடுங்கண்ணே" என்று கேட்டு, மூன்று படி தினைக்கு வாங்கிக்கொண்டார்.

ஏகாம்பரத்துக்கு அந்தத் தினை அவசரத் தேவை. மழை வருவதற்குள் புதுக் கூடு கட்டியாக வேண்டும். கட்டுகிற நாட்களில் இரை தேட நேரம் இராது. அவர் மனைவி அலமேலு முன்பே சொல்லியிருந்தார்: "முதல் மழை விழறப்ப கூடு இல்லேன்னா நான் எதிர்மரத்துக்குப் போயிடுவேன்." தூக்கணாங்குருவிகளில் கூட்டைப் பார்த்துத்தான் குடும்பம். இது வெறும் மிரட்டல் இல்லை.

மறுநாள் வரி அதிகாரி உடும்பு சதாசிவம் வந்தார்.

"கூட்டை வித்தீங்களாமே?"

"ஆமா சார். குடியிருந்த பழைய கூடு."

"சொந்தப் பொருளை நஷ்டத்துக்கு வித்தா வரி கிடையாது."

ஏகாம்பரத்துக்கு மூச்சு வந்தது.

"எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"வாங்கல சார். நானே பின்னினேன். பதினெட்டு நாள். அலகு தேஞ்சுபோச்சு."

"தேஞ்ச அலகுக்கு ரசீது இருக்கா?"

இல்லை. ரசீது இல்லையென்றால் அடக்க விலை பூஜ்யம். மூன்று படியும் லாபம். சதாசிவம் ஒரு படியை அளந்து எடுத்துக்கொண்டு, "அடுத்த கூட்டுக்காவது கணக்கு வைங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏகாம்பரம் வைத்தார். எந்தப் பனையில் எத்தனை நார் கிழித்தார், எத்தனை மணிக்கு, வரும் வழியில் காற்றில் போனது எத்தனை என்று எல்லாவற்றையும் ஓலையில் எழுதி, அணிலிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அணில் ஓரிடத்தில் நிற்கிறவர் அல்ல. ஒரு கையெழுத்துக்கு அரை நாள் போயிற்று.

பத்தாம் நாள் அலமேலு வந்து பார்த்தார். கிளையில் ஒரு சாண் நார் தொங்கியது. பக்கத்தில் ஓலைக்கட்டு மூன்று குருவி உயரத்துக்கு நின்றது.

"கூடு எங்கேங்க?"

"நாற்பதாவது ஓலை வரைக்கும் வந்தாச்சு."

"அதுல முட்டையிட முடியுமா?"

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தினையும் தீர்ந்திருந்தது. ஏகாம்பரம் அரைகுறைக் கூட்டையும் அதே சில்லைக்கு ஒரு படிக்குத் தள்ளிவிட்டார். இந்த முறை நஷ்டம், அதற்கு ஆதாரமும் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓலைக்கட்டையும் தினையையும் தூக்கிக்கொண்டு தானே அலுவலகம் போனார்.

சதாசிவம் நாற்பதையும் ஒன்றுவிடாமல் படித்தார். "குடியிருக்கக் கட்டுறவங்க யாராவது இப்படிக் கணக்கு வைப்பாங்களா? இது வியாபாரம். உரிமம் எடுக்கல. அபராதம் ஒரு படி."

ஏகாம்பரம் படியை மேஜையில் வைத்தார். சதாசிவம் ஓலைகளை மறுபடி புரட்டினார். "ஆனா உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு. இங்க ஒரு குமாஸ்தா இடம் காலி. குடியிருக்க மரப்பொந்து உண்டு."

அன்று மாலை முதல் மழை விழுந்தது. அலமேலு பொந்துக்குள் ஒரு சுற்று நடந்து பார்த்தார். ஒழுகவில்லை. எதிர்மரத்துப் பேச்சு எழவில்லை.

காலையில் ஏகாம்பரம் எழுதிய முதல் நோட்டீஸ் சில்லைக்குருவிக்குப் போயிற்று: 'தாங்கள் இரண்டு கூடுகள் வாங்கியிருப்பது தெரியவருகிறது. நான்கு படி தினை வந்த வழிக்கு ரசீது காட்டவும்.'

நீதி: பழைய பொருளை விற்பவர் ரசீது வைத்திருந்தாலும் கட்டுவார், வைக்காவிட்டாலும் கட்டுவார். ஒழுகாத வீடு வேண்டுமென்றால், ரசீது கேட்கிற பக்கம் போய் உட்காரவும்.